சிறுமச் சார்புகள் எப்போது வழவழப்பானவை?

ஒரு சிறிய கணக்கு. 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் ஒரு சார்பு வேண்டும். 0-இல் அதன் உயரம் 0, 1-இல் உயரம் 1. ஒவ்வொரு புள்ளியிலும் இடத்தின் மதிப்பிலிருந்து உயரத்தின் கனத்தைக் கழித்து, வருவதை வர்க்கமாக்கி, சாய்வின் ஆறாம் அடுக்கால் பெருக்கி, 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். இந்தத் தொகையை இனி ஆற்றல் என்றே சொல்லலாம். ஆற்றலை மிகக் குறைவாக்கும் சார்பு, அதாவது சிறுமச் சார்பு, எது?

விடை பார்த்ததுமே தெரியும்: கனமூலம். கனமூலத்தைக் கனமாக்கினால் இடமே திரும்பி வரும், கழித்தால் 0, ஆற்றலும் 0. ஆற்றல் ஒருபோதும் குறை எண்ணாக முடியாது. எனவே இதற்குக் கீழே யாரும் போக முடியாது.

இதையே கணினியிடம் கொடுத்தால் கதை மாறுகிறது. வழக்கம்போல இடைவெளியைச் சமமான துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் கனமூலத்துக்குப் பதில் ஒரு நேர்கோட்டை வைப்போம். முதல் துண்டில் மட்டும் வரும் ஆற்றலைக் கையாலேயே தொகையிடலாம்: துண்டின் நீளத்தை 105-ஆல் பெருக்கி, அதைக் கொண்டு 8-ஐ வகுத்தால் போதும். நீளம் 0.01 என்றால் ஆற்றல் சுமார் 7.6. நீளத்தை 0.001 ஆக்கினால் 76. உண்மை விடையோ 0. வலையை நெருக்க நெருக்க விடை கெட்டுக்கொண்டே போகிறது. நிரலில் பிழை தேடிப் பயனில்லை, பிழை அங்கே இல்லை.

நேர்கோடுகள் கனமூலத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டு, எது குறைந்த ஆற்றல் தருமோ அதைத் தேடு என்று நிரலை அவிழ்த்துவிட்டாலும் அது 0-வை எட்டாது. காரணம் இது. சாய்வுக்கு ஏதேனும் ஓர் உச்சவரம்பு உள்ள எந்தச் சார்பும் 0-க்கு மிக அருகில் கனமூலத்தின் கால் பங்குக்கும் கீழேதான் கிடக்கும், ஏனென்றால் கனமூலம் அங்கே செங்குத்தாக எழுகிறது. ஆனால் 1-இல் அது கனமூலத்தை எட்டியாக வேண்டும். ஆக, வழியில் எங்கோ கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்கு ஏறித்தான் தீர வேண்டும். அந்த ஏற்றம் முழுவதும், இடத்துக்கும் உயரத்தின் கனத்துக்கும் உள்ள வித்தியாசம் இடத்தின் எட்டில் ஏழு பங்குக்குக் குறையாது. இதன் மேல், ஒரு பெருக்கலின் தொகையை இரு தனித்தனித் தொகைகளின் அடுக்குகளால் கட்டுப்படுத்தும் ஹோல்டர் சமனிலியைப் போட்டால், ஏற்றத்தின் செலவு குறைந்தது 0.0000145-ஐ ஏற்றம் முடியும் இடத்தின் மதிப்பால் வகுத்த அளவு என்று வரும். ஏற்றத்தை 0-க்கு அருகே முடிக்கப் பார்த்தால் செலவு எகிறும், தள்ளிப்போட்டாலும் 0.0000145-க்குக் கீழே இறங்காது. எண் சிறியதுதான். ஆனால் வலை எவ்வளவு நெருக்கமானாலும் அந்தத் தரை அப்படியே இருக்கும்.

இந்த எடுத்துக்காட்டை பாசிலியோ மானியா 1934-இல் தந்தார். உண்மை விடைக்கும் இந்தத் தரைக்கும் நடுவே இத்தகைய இடைவெளி இருக்கக்கூடும் என்பதை மிகயீல் லாவ்ரென்டியேவ் 1926-இலேயே காட்டியிருந்தார். வழவழப்பான, அதாவது சாய்வு எங்கும் முடிவுள்ளதாகவும் தொடர்ச்சியாகவும் இருக்கும், சார்புகளுக்குள் தேடினால் ஒரு குறைந்தபட்சம், எல்லாச் சார்புகளையும் அனுமதித்தால் வேறொரு குறைந்தபட்சம். இந்த வித்தியாசம்தான் லாவ்ரென்டியேவ் இடைவெளி. இப்படிச் சிறுமச் சார்புகளைத் தேடும் துறையான மாறுபாட்டு நுண்கணிதத்தில் தீர்வுகளின் வழவழப்பு என்ற கேள்வி வெறும் அழகியல் அல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

அப்படியானால் கனமூலம் போன்ற முரட்டுச் சார்புகளை எதற்கு உள்ளே விட வேண்டும்? விடாவிட்டால் தீர்வு இருக்கிறது என்பதையே நிறுவ முடியாது. 1870-இல் வெயர்ஸ்ட்ராஸ் சுட்டிக்காட்டியது இதைத்தான். −1 முதல் 1 வரை, இடத்தின் வர்க்கத்தைச் சாய்வின் வர்க்கத்தால் பெருக்கித் தொகையிடு. இடது முனையில் உயரம் −1, வலது முனையில் 1. நடுவில் 0.01 அகலத்துக்கு இருபுறமும் மட்டும் ஏறி, மற்ற இடங்களில் கிடையாக இருக்கும் சார்புக்கு ஆற்றல் சுமார் 0.0067. அகலத்தைக் குறைத்தால் ஆற்றலும் அதே விகிதத்தில் குறைந்து 0-வை நெருங்கும். ஆனால் 0 ஆற்றலுள்ள சார்பு கிடையவே கிடையாது, ஏனெனில் அதன் சாய்வு எங்கும் 0 ஆக வேண்டும், பிறகு முனைகளை எப்படி இணைப்பது? கீழ்வரம்பு இருக்கிறது, அதைத் தொடும் சார்பு இல்லை. ரீமான் உட்படப் பலரும் தீர்வு இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே கட்டிய திரிக்லே கோட்பாட்டின் அடித்தளம் இதனால் ஆட்டம் கண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனிடா தொனெல்லி உருவாக்கிய நேரடி முறை இதற்கு வழி செய்தது. ஆற்றல் குறைந்துகொண்டே போகும் சார்புத் தொடர் ஒன்றை எடு, அதிலிருந்து ஒருங்கும் உட்தொடரைப் பிரி, எல்லையில் ஆற்றல் திடீரென மேலே தாவாது என்று காட்டு. கடைசிப் படிக்கு, ஆற்றல் சூத்திரம், அதாவது தொகையிடப்படும் கோவை, சாய்வைப் பொறுத்துக் குவிந்ததாக (வரைபடம் கிண்ணம்போல மேல்நோக்கி வளைந்ததாக) இருக்க வேண்டும். ஒருங்கும் உட்தொடர் கிடைக்க வேண்டுமானால் சார்பு வெளியை விரிக்க வேண்டும்: சாய்வு ஏறத்தாழ எங்கும் இருந்து, அதன் ஏதோ ஓர் அடுக்கின் தொகை முடிவுள்ளதாக இருந்தால் போதும் என்று தளர்த்த வேண்டும். இப்படித்தான் தீர்வின் இருப்பு கிடைக்கிறது. வாங்கிய கடனைத் திருப்புவதுதான் வழவழப்புத் தேற்றம்: தளர்த்திய வெளியில் கிடைத்த தீர்வு உண்மையில் ஆய்லர் சமன்பாட்டை (சிறுமச் சார்பு நிறைவுசெய்ய வேண்டிய வகைக்கெழுச் சமன்பாட்டை) நேரடியாக நிறைவுசெய்யும் ஒழுங்கான சார்புதான் என்று காட்ட வேண்டும்.

ஒரு மாறியில் கடன் சுலபமாகவே அடையும், ஒரு நிபந்தனையோடு. சாய்வுக்கு உச்சவரம்பு உண்டு என்று ஏற்கெனவே தெரிந்தால், ஆய்லர் சமன்பாட்டை டு போய்-ரேமோன் செய்ததுபோலத் தொகையிட்டு எழுதலாம். இடப்பக்கம், ஆற்றல் சூத்திரத்தைச் சாய்வைப் பொறுத்து வகையிட்டது. வலப்பக்கம், ஒரு மாறிலியும் ஒரு தொகையீடும். தொகையீடு தானாகவே தொடர்ச்சியானது. இடப்பக்கம் சாய்வோடு கண்டிப்பாக ஏறுகிறது, ஏனெனில் சூத்திரம் குவிந்தது. ஆகவே திருப்பித் தீர்த்தால் சாய்வும் தொடர்ச்சியாகிறது. சாய்வு தொடர்ச்சியானதும் வலப்பக்கம் வகையிடத்தக்கதாகிறது, இரண்டாம் வகைக்கெழு கிடைக்கிறது. அதைப் போட்டு மூன்றாவது. ஏணியின் முதல் படியில் கால் வைத்துவிட்டால் மேலே ஏறுவதில் சிரமமே இல்லை.

குவிவு இல்லாவிட்டால் முதல் படியே உடையும். சாய்வின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து வர்க்கமாக்கித் தொகையிடும் ஆற்றலுக்கு, 0 முதல் 1 வரையிலான இடைவெளியின் இரு முனையிலும் உயரம் 0 என்றால், சாய்வு +1-உம் −1-உமாக மடிந்த எந்தக் கூடாரமும் சிறுமச் சார்புதான். அதனோடு உயரத்தின் வர்க்கத்தையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். பத்துப் பல் உள்ள ரம்பத்தின் ஆற்றல் 1/1200, நூறு பல் என்றால் 1/120000. பற்கள் நுணுகிக்கொண்டே போகும், கடைசியில் தொடும் சார்பு எதுவும் இல்லை.

சாய்வுக்கு வரம்பு முன்கூட்டித் தெரியாவிட்டால்? 1915-இல் தொனெல்லி நிறுவிய தேற்றம், வழவழப்பான, கண்டிப்பாகக் குவிந்த சூத்திரத்துக்குச் சிறுமச் சார்பு ஒரு மூடிய, அளவை (மொத்த நீளம்) 0 உள்ள கணத்துக்கு வெளியே முழுக்க வழவழப்பானது என்கிறது. அந்தக் கணத்தில் சாய்வு முடிவிலியாகும். மானியாவின் சூத்திரத்தில் சாய்வின் கெழு கனமூலத்தின் மேல் 0 ஆகிவிடுகிறது, அதனால் அது முறையான எதிர்க்காட்டு இல்லை என்று ஒருவர் வாதாடலாம். அந்த ஓட்டையை 1985-இல் ஜான் பாலும் விக்டர் மிசெலும் அடைத்தார்கள். இடத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் கனத்தைக் கழித்து வர்க்கமாக்கி, சாய்வின் 14-ஆம் அடுக்கால் பெருக்கி, சாய்வின் வர்க்கத்தை ஒரு சிறிய நேர் எண்ணால் பெருக்கிச் சேர்த்தார்கள். சூத்திரம் வெறும் பல்லுறுப்புக்கோவை, சாய்வில் சீராகக் குவிந்தது. அப்படியிருந்தும், தக்க எல்லை மதிப்புகளுக்குச் சிறுமச் சார்பு 0-க்கு அருகே இடத்தின் மூன்றில் இரண்டாம் அடுக்கைப் போல எழுகிறது, சாய்வு அங்கே முடிவிலி. எனவே தொனெல்லியின் விதிவிலக்குக் கணம் நிறுவலின் சோம்பலால் வந்ததல்ல.

பல மாறிகளுக்கு வருவோம். 1900-இல் பாரிஸில் ஹில்பர்ட் முன்வைத்த 23 வினாக்களில் பத்தொன்பதாவது: ஒழுங்கான மாறுபாட்டுக் கணக்குகளின் தீர்வுகள் எப்போதும் பகுமுறைச் சார்புகள்தானா, அதாவது ஒவ்வொரு புள்ளியருகேயும் அடுக்குத் தொடராக விரிபவைதானா? இங்கே ஒழுங்கான என்பதற்குப் பொருள், சூத்திரம் பகுமுறையானது, சாய்வைப் பொறுத்துக் குவிந்தது என்பதே. 1904-இல் செர்கேய் பெர்ன்ஸ்டைன், இரண்டு மாறிகளில், தீர்வுக்கு மூன்று தொடர்ச்சியான வகைக்கெழுக்கள் இருந்தால் அது பகுமுறையானது என்று காட்டினார். அடுத்த அரை நூற்றாண்டு அந்த முன்நிபந்தனையைத் தளர்த்துவதிலேயே கழிந்தது. 1930-களில் ஷௌடரின் மதிப்பீடுகள் வந்த பிறகு படம் தெளிவானது: சாய்வு ஹோல்டர் தொடர்ச்சியாக இருந்தாலே, அதாவது இரு புள்ளிகளில் அதன் வித்தியாசம் தொலைவின் ஏதோ ஒரு நேர் அடுக்கின் மடங்கைத் தாண்டாமல் இருந்தாலே, ஏணி முழுவதும் ஏறலாம். நேரடி முறையோ சாய்வின் வர்க்கத்தொகை முடிவுள்ளது என்பதை மட்டுமே தருகிறது. நடுவே ஒரே ஒரு பள்ளம். இரண்டு மாறிகளில் அதை மோரி 1938-இல் தாண்டினார். மூன்றும் அதற்கு மேலும் யாருக்கும் வசப்படவில்லை.

பள்ளத்தின் வடிவம் இது. தீர்வை ஒரு திசையில் வகையிட்டால், அந்த வகைக்கெழு ஒரு நேரியல் நீள்வட்ட வகைச் சமன்பாட்டை நிறைவுசெய்கிறது. ஆனால் அதன் கெழுக்கள் தீர்வின் சாய்வாலேயே ஆனவை. சாய்வு எப்படிப்பட்டது என்று தெரியாதவரை கெழுக்களும் தெரியாதவைதான். இரண்டு நேர் எண்களுக்கு இடையே அடைபட்டவை என்பது மட்டும் உறுதி. தொடர்ச்சியற்ற, கண்டபடி தாவும் கெழுக்கள் உள்ள சமன்பாட்டின் தீர்வு தொடர்ச்சியானது என்று எப்படிச் சொல்வது? 1957-இல் எனியோ டி ஜார்ஜியும், அவரை அறியாமலே வேறு வழியில் 1958-இல் ஜான் நாஷும் இதற்கு விடை கண்டார்கள். 1960-இல் யூர்கன் மோசர் மூன்றாவது வழி ஒன்றைத் தந்தார். மூன்றில் எதற்குள் நுழைந்தாலும் சாரம் ஒன்றே என்றாலும், எங்கே என்ன உடையும் என்பதை வெளிச்சமாகக் காட்டுவது டி ஜார்ஜியின் வழிதான்.

அவர் சமன்பாட்டையே ஏறத்தாழ மறந்துவிடுகிறார். ஒரு மட்டத்தை வைத்து, அதற்கு மேல் எட்டிப்பார்க்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறார். வெட்டிய பகுதியின் சாய்வு வர்க்கத்தொகை சிறிய கோளத்தில் எவ்வளவு என்றால், அதே பகுதியின் வர்க்கத்தொகையைப் பெரிய கோளத்தில் எடுத்து, ஆர வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கியதைத் தாண்டாது. காச்சியோப்போலி சமனிலி என்பது இதுதான். இதற்கு எதிர்த்திசையில் சோபோலெவ் சமனிலி இருக்கிறது: சாய்வு கட்டுக்குள் இருந்தால் சார்பின் உயர்ந்த அடுக்கும் கட்டுக்குள் இருக்கும். இரண்டையும் மாறி மாறிப் போட வேண்டும். மட்டத்தை 0, 1/2, 3/4, 7/8 என்று உயர்த்து. கோளத்தின் ஆரத்தை 1, 3/4, 5/8, 9/16 என்று சுருக்கு. ஒவ்வொரு படியிலும் மட்டத்துக்கு மேலே மிஞ்சியதன் வர்க்கத்தொகையைக் குறித்துக்கொள். மூன்று பரிமாணத்தில், அடுத்த படியின் எண், இப்போதைய எண்ணின் 5/3 அடுக்கை ஒரு மாறிலியின் படி-எண் அடுக்கால் பெருக்கியதைத் தாண்டாது.

அந்த மாறிலியை 10 என்று வைத்து ஓட்டிப் பார்த்தால் சூட்சுமம் புரியும். 0.001-இல் தொடங்கினால் அடுத்தது 0.00001, பிறகு சுமார் ஒரு கோடியில் அரைப்பங்கு, நான்காம் படியில் தசமப் புள்ளிக்குப் பின் பதின்மூன்றுக்கும் மேற்பட்ட சுழியங்கள். 0.1-இல் தொடங்கினால் 0.022, 0.017, 0.11, 25. முதல் இரண்டு படிகளில் இறங்குவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு வெடிக்கிறது. இந்த மாறிலிக்கு எல்லைக்கோடு சுமார் 0.0056. 1-ஐ விடப் பெரிய அடுக்கு, படிதோறும் பெருகும் மாறிலியை வெல்வதற்குத் தொடக்கம் போதிய அளவு சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவே. சமன்பாடு நேரியல் என்பதால் தீர்வை ஓர் எண்ணால் வகுத்துத் தொடக்கத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். மிஞ்சியது 0-வுக்குப் போனால் சார்பு கடைசி மட்டத்தைத் தாண்டவில்லை என்று பொருள். வர்க்கத்தொகையிலிருந்து உச்சவரம்பு கிடைத்துவிட்டது.

இரண்டாம் பாதி, உச்சவரம்பிலிருந்து தொடர்ச்சி. சாய்வின் வர்க்கத்தொகை முடிவுள்ள சார்பு 0-விலிருந்து 1-க்கு இடையில் எங்கும் நிற்காமல் தாவ முடியாது, நடு மதிப்புகளுக்கும் கணிசமான இடம் ஒதுக்கியாக வேண்டும். இதை வைத்து, கோளத்தைப் பாதியாக்கும்போதெல்லாம் சார்பின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிலையான விகிதத்தில் குறையும் என்று காட்டலாம். ஒவ்வொரு முறையும் 10 சதவீதம்தான் குறைகிறது என்றாலும் ஹோல்டர் அடுக்கு 0.15 கிடைக்கும். நேர்கோட்டுக்கு 50 சதவீதம் குறையும், அடுக்கு 1. வெறும் 0.15-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றலாம். அதுவே ஷௌடர் ஏணியின் முதல் படிக்குப் போதும். அதற்கு மேல் பகுமுறை வரை தடையில்லை.

இந்த நிறுவலில் உயிர்நாடி வெட்டுவதுதான். ஒரு மட்டத்துக்கு மேலே உள்ளதை வெட்டலாம் என்றால், மேலே, கீழே என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும். தீர்வு எண்ணாக இல்லாமல் திசையனாக இருந்தால் அந்தப் பொருள் போய்விடுகிறது. ஒரு கூறை வெட்டினால் மற்றக் கூறுகள் சமன்பாட்டின் வழியே அதை இழுக்கின்றன. இது வெறும் நுட்பச் சிக்கல்தானா என்ற ஐயத்தை டி ஜார்ஜியே 1968-இல் தீர்த்துவைத்தார். இடத் திசையனை அதன் நீளத்தின் ஓர் அடுக்கால் வகுத்த சார்பு, வரம்புள்ள கெழுக்கள் கொண்ட நீள்வட்ட வகைச் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றின் தீர்வு என்று காட்டினார். மூன்று பரிமாணத்தில் அந்த அடுக்கு சுமார் 1.136. அதாவது மையத்திலிருந்து 0.001 தொலைவில் தீர்வின் நீளம் 2.56, பத்து லட்சத்தில் ஒரு பங்கு தொலைவில் 6.56. மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் வரம்பே இல்லை. தொடர்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், முதலுக்கே மோசம். அதே ஆண்டில் ஜுஸ்தியும் மிராண்டாவும், தீர்வையும் சாய்வையும் சார்ந்த பகுமுறைச் சூத்திரத்துக்கே இடத் திசையனை நீளத்தால் வகுத்தது சிறுமச் சார்பாகலாம் என்று காட்டினார்கள். சாய்வை மட்டும் சார்ந்த சூத்திரத்துக்கு 1970-களில் நெச்சாஸ் உயர் பரிமாணங்களில் எதிர்க்காட்டு தந்தார். 2016-இல் மூனியும் சாவினும் அதை மூன்று மாறிகள், இரண்டு கூறுகள் வரை கீழே கொண்டுவந்தார்கள். இரண்டு மாறிகள் என்றால் மோரி காப்பாற்றுகிறார், ஒரே கூறு என்றால் டி ஜார்ஜி. ஆகவே இதற்குக் கீழே எதிர்க்காட்டுக்கு இடமே இல்லை.

திசையன் தீர்வுகளுக்கு மிஞ்சுவது பகுதி வழவழப்பு. ஒரு புள்ளியைச் சுற்றிச் சாய்வு அதன் சராசரியிலிருந்து போதிய அளவு குறைவாக விலகினால் அங்கே தீர்வு வழவழப்பானது. அப்படி இல்லாத புள்ளிகளின் அளவை 0. மோரியின் அரைக்குவிவு என்ற தளர்ந்த நிபந்தனையிலும் இது நிற்கும் என்று இவான்ஸ் 1986-இல் நிறுவினார். இங்கே ஒரு நுட்பத்தைக் கோட்டைவிடக் கூடாது. இவான்ஸின் தேற்றம் ஆற்றலைச் சிறுமமாக்கும் சார்புகளுக்கு மட்டும். 2003-இல் முல்லரும் ஷ்வெராக்கும், அரைக்குவிந்த வழவழப்பான சூத்திரத்தின் ஆய்லர் சமன்பாட்டுக்கே, எந்தச் சிறு பகுதியிலும் சாய்வு தொடர்ச்சியாக இல்லாத தீர்வுகளைக் கட்டிக் காட்டினார்கள். சமன்பாட்டை நிறைவுசெய்வது வேறு, போட்டியாளர் எல்லாரையும் வெல்வது வேறு. வழவழப்பு வருவது இரண்டாவதிலிருந்து. குறைந்தபட்சப் பரப்புகளிலும் இதே கதைதான்: பரப்பைச் சிறுமமாக்கும் மீப்பரப்புகள் (வெளியைவிட ஒரு பரிமாணம் குறைந்த பரப்புகள்) 7 பரிமாண வெளி வரை முழுக்க வழவழப்பானவை. 8-இல், முதல் நான்கு ஆயங்களின் வர்க்கக் கூடுதலும் கடைசி நான்கின் வர்க்கக் கூடுதலும் சமமாகும் சைமன்ஸ் கூம்பு, முனையோடேயே பரப்பில் மிகக் குறைந்தது என்று பொம்பியேரி, டி ஜார்ஜி, ஜுஸ்தி மூவரும் 1969-இல் நிறுவினார்கள்.

ஒரே கூறு, குவிந்த சூத்திரம் என்று எல்லாம் சரியாக இருந்தும் வளர்ச்சி வேகத்தில் கோட்டைவிடலாம். ஆறு மாறிகளில், ஐந்து திசைச் சாய்வுகளுக்கு வர்க்கம், ஆறாவதற்கு நான்காம் அடுக்கின் பாதி என்று ஆற்றலை வைத்தால், ஆறாம் ஆயத்தின் வர்க்கத்தை மற்ற ஐந்தின் நீளத்தால் வகுத்து, 12-இன் வர்க்கமூலத்தால் மேலும் வகுத்த சார்பு சமன்பாட்டை நிறைவுசெய்கிறது. ஆறாம் அச்சின் மேல் அது முடிவிலி, ஆற்றலோ முடிவுள்ளது. சூத்திரம் குவிந்தது என்பதால் சிறுமச் சார்பும் அதுவே. 1987-இல் ஜாக்கிண்டா தந்த இந்த எதிர்க்காட்டைக் காகிதத்தில் ஐந்து வரியில் சரிபார்த்துவிடலாம். கீழ் வளர்ச்சி 2, மேல் வளர்ச்சி 4 என்று விலகியதுதான் கோளாறு. மார்செல்லினியின் தேற்றங்கள் இந்த விகிதம் 1-க்கு அருகே, பரிமாணம் கூடக் கூட இன்னும் அருகே, இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். குவிவு சில இடங்களில் 0 ஆகிப் போவது இதைவிடச் சாதுவான நோய். சாய்வின் நான்காம் அடுக்கில், ஒரு மாறியில், மாறாத விசையின் கீழ் தீர்வு இடத்தின் 4/3 அடுக்காக வரும். சாய்வு தொடர்ச்சியானது, இரண்டாம் வகைக்கெழு மட்டும் 0-இல் முடிவிலி.

இதுவரை சொன்னதெல்லாம் களத்தின் உட்புறத்துக்கு. விளிம்பில் உள்நோக்கிய மூலை இருந்தால் மிக எளிய ஆற்றலான சாய்வின் வர்க்கத்துக்கே வழவழப்பு போய்விடும். ஆங்கில எல் எழுத்து வடிவக் களத்தில் 270 பாகை மூலையருகே தீர்வு தொலைவின் 2/3 அடுக்காகப் போகிறது, சாய்வு முடிவிலியாகிறது. சீரான வலையில் துண்டு நீளத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் அளவையில் பிழை பாதியாவதற்குப் பதில் 0.63 பங்காகத்தான் குறையும். மூலையருகே மட்டும் துண்டுகளை நெருக்கினால் இழந்த வேகம் திரும்பக் கிடைக்கும். அங்கே லாவ்ரென்டியேவ் இடைவெளி இல்லை, வழவழப்பான சார்புகள் உண்மை ஆற்றலை வேண்டிய அளவு நெருங்க முடியும்.

மானியாவின் கணக்கில் வலையை எங்கே நெருக்கியும் பயனில்லை, சூத்திரத்திலேயே கை வைக்க வேண்டும். சாய்வின் ஆறாம் அடுக்கைப் போடும்போது ஒரு வரம்புக்கு மேற்பட்ட சாய்வை அந்த வரம்பாகவே எடுத்துக்கொள்வது ஒரு வழி. துண்டு நீளம் 0.001, வரம்பு 10 என்றால் முதல் துண்டின் ஆற்றல் 76-இலிருந்து 0.000076-க்கு இறங்கிவிடும். வரம்பையும் மெல்ல உயர்த்தியாக வேண்டும், ஆனால் வரம்பின் ஆறாம் அடுக்கைத் துண்டு நீளத்தின் கனத்தால் பெருக்கினால் வருவது 0-வை நோக்கிப் போகும்படி. அவசரப்பட்டு உயர்த்தினால் பழைய 76 திரும்பி வரும். ஜான் பாலும் நோல்ஸும் 1987-இல் எடுத்த வழி, சார்பையும் அதன் சாய்வையும் தனித்தனி மாறிகளாக வைத்து, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதைத் தளர்ந்த கட்டுப்பாடாகச் சேர்ப்பது.